பாகூர் ஏரிக்கரையிலிருந்து ஆல்ப்ஸ் மலைக்கு

புதுவை மாநிலத்தின் வில்லியனூர், பாகூர் கொம்யூன்களில் பிறந்து வளர்ந்தவர்களுக்கு மலை என்பது கண்ணால் காணும் பொருளன்று. பிறர் சொல்லக் கேட்கும் பொருள். சங்கராபரணியும் தென்பெண்ணையும் கொண்டு வந்து கொட்டிய வண்டல் மண்ணில் நெல்லும் கரும்பும் விளைகின்றன. சாலைகள் தட்டையாக நீண்டு கிடக்கின்றன. மிதிவண்டியில் செல்பவர் இருக்கையைவிட்டு எழுந்து நின்று மிதிக்க வேண்டிய இடங்கள் எனத் தேடினால், ஆற்றுப் பாலங்களின் ஏறுமுகமும் ஏரிக்கரைகளும்தான் கிடைக்கும். இந்த நிலத்திலிருந்து, வரும் ஜூலையில் பிரான்சு நாட்டின் ஆல்ப்ஸ் மலைச் சரிவுகளில் மிதிவண்டி ஓட்டுவதற்கென இருவர் ஆயத்தமாகி வருகின்றனர். ஒருவன் கல்லூரியில் பயிலும் என் மகன். மற்றவர் நாற்பதைக் கடந்துவிட்ட நான்.

இது எவ்வாறு நேர்ந்தது என்று வாசகர்கள் வியக்கலாம். புதுவை மண்ணை அறிந்தவர்கள் வியக்க மாட்டார்கள். 1954 நவம்பர் முதல் நாள் இவ்வூர்களின் ஆட்சி இந்தியாவின் கைக்கு வந்தது. 1962 ஆகஸ்டு 16-இல் சட்டப்படியான இணைப்பு நிறைவேறியது. அப்போது இங்கிருந்த மக்களுக்குப் பிரெஞ்சுக் குடியுரிமையைத் தெரிவு செய்துகொள்ள ஆறு மாதத் தவணை தரப்பட்டது. பிரெஞ்சுப் படையில் பணியாற்றிய ‘சொல்தா’ குடும்பங்கள் பலவும், அரசு அலுவல் பார்த்த குடும்பங்கள் சிலவும் அவ்வாறே தெரிவு செய்துகொண்டன. அவர்களுடைய மக்களும் பேரர்களும் இன்று பாரிசிலும் லியோனிலும் வாழ்கின்றனர். கோடை விடுமுறையில் ஊருக்கு வந்து போகின்றனர். என் தமக்கை வாழ்க்கைப்பட்டது அத்தகைய ஒரு குடும்பத்தில். அவர் வீடு, மூன்று பக்கமும் மலைகள் சூழ்ந்த கிரனோபிள் நகருக்கு அருகில் இருக்கிறது. “ஊருக்கு வருவது எப்போதும் நாங்கள்தானா? நீ ஒரு தடவை வந்து பார்” என்று பல ஆண்டுகளாகச் சொல்லிக்கொண்டிருந்தார். இவ்வாண்டு அவருடைய மகள் முந்திக்கொண்டாள். “மாமு, வந்தால் வீட்டில் உட்கார வைக்க மாட்டேன். உங்களையும் தம்பியையும் மலைக்குச் சைக்கிளில் கூட்டிப் போவேன். மூன்று மாதம் பழகிக்கொண்டு வாருங்கள்” என்றாள். அவள் தலைக்கவசத்தின் அடியில் பொருந்தும்படி மெல்லிய முக்காடு அணிந்து, இந்த மலைப்பாதைகளில் ஆறேழு ஆண்டுகளாக ஓட்டி வருபவள்.

தேநீர்க் கடையில் இச்செய்தி பரவியபோது ஒரு பெரியவர் கேட்ட கேள்வி நியாயமானது. “சைக்கிளை விட்டு மோட்டார் வண்டிக்கு மாறத்தானே ஊரே பாடுபட்டது? நீங்கள் காசு செலவழித்துக் கடல் கடந்து போய்ச் சைக்கிள் மிதிக்கவா போகிறீர்கள்?” அவருக்கு நான் சொன்ன விடையைச் சற்று விரித்தே இங்கு எழுதுகிறேன்.

மலை மிதிவண்டி என்பது மிகப் பழைய கலையன்று. அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்தில், டமல்பாயிஸ் என்ற மலையைச் சுற்றியுள்ள மண்பாதைகளில் 1970-களில் சில இளைஞர்கள் பழைய கனத்த மிதிவண்டிகளை உருட்டிக்கொண்டு மேலேறி, அங்கிருந்து கீழ்நோக்கி விரைந்து விளையாடினர். 1976-இல் அதைப் பந்தயமாகவே நடத்தினர். அப்பந்தயத்திற்கு ‘ரீபேக்’ என்று பெயர். அவர்களுடைய வண்டிகளில் பிரேக் பின்சக்கரக் குடத்திற்குள் இருந்தது. ஒரு முறை மலையிறங்கி வந்தாலே குடத்திலுள்ள மசகு சூடேறிப் புகைந்து போய்விடும். மறுபடி மசகு திணித்தால்தான் வண்டி ஓடும். அந்தத் ‘திணிப்பு’தான் பந்தயத்தின் பெயராயிற்று. பிறந்த நாள்தொட்டே இந்த விளையாட்டின் சிக்கல் ஏறுவதில் இல்லை, இறங்குவதில்தான் இருந்தது என்பதற்கு அப்பெயரே சான்று. இருபதே ஆண்டுகளில், 1996 அட்லாண்டா ஒலிம்பிக்கில் இது இடம்பெற்றுவிட்டது. பிரான்சில் இதனை ‘வேதேதே’ என்று மூன்றெழுத்தில் சுருக்கி வழங்குகின்றனர்.

ஆல்ப்ஸ் ஊர்களில் குளிர்காலத்தில் பனிச்சறுக்கு. பனி உருகியபின், ஜூன் நடுவிலிருந்து செப்டம்பர்த் தொடக்கம் வரை, அதே கம்பித் தூக்குகளில் மிதிவண்டிகளை ஏற்றி உச்சிக்குக் கொண்டுபோகின்றனர். அங்கிருந்து இறங்கும் பாதைகளைப் பச்சை, நீலம், சிவப்பு, கறுப்பு என நான்கு நிறங்களால் தரம் பிரித்திருக்கின்றனர். பச்சை எளிது, கறுப்பு தேர்ந்தவர்க்கே உரியது. எங்களுக்கு மருமகள் வகுத்த எல்லை நீலம். என் மகன் சிவப்பைப் பற்றிப் பேசும்போதெல்லாம் அவன் தாயார் சோற்றுக் கரண்டியைக் கீழே வைத்துவிடுகிறார். ஆகவே வீட்டில் அப்பேச்சு இப்போது இல்லை.

நோன்புப் பெருநாள் கழிந்த மறுவாரமே பயிற்சியைத் தொடங்கினோம். பஜ்ருத் தொழுகைக்கும் மதரஸாவின் காலை வகுப்புக்கும் இடைப்பட்ட ஒன்றேகால் மணி நேரமே எனக்குரியது. முதல் மூன்று வாரம் சுல்தான்பேட்டையிலிருந்து ஊசுட்டேரிக் கரை வரை போய்த் திரும்பினோம். 2008-இல் புதுவை அரசு பறவைகள் சரணாலயமாக அறிவித்த ஏரி அது. விடியற்காலையில் நாரைகளும் நீர்க்காகங்களும் கரையோர மரங்களில் அமர்ந்திருக்கும் காட்சிக்காகவே அவ்வழி செல்லலாம். மூச்சுப் பழகுவதற்கு அந்தத் தூரம் போதும். கைக்கும் கண்ணுக்கும் அது எதையும் கற்றுத் தருவதில்லை.

அதற்குப் பாகூர் ஏரிதான் உதவியது. புதுவையின் இரண்டாவது பெரிய ஏரியாகிய இதற்குத் தென்பெண்ணையாற்றின் சொர்ணாவூர் அணையிலிருந்து பங்காரு வாய்க்கால் வழியே நீர் வருகிறது. பாகூர் கல்விக்கும் பேர்பெற்ற ஊர். 9-ஆம் நூற்றாண்டில், பல்லவ மன்னன் நிருபதுங்கவர்மன் காலத்தில், இங்கிருந்த உயர்கல்விச் சாலைக்கு மூன்று ஊர்கள் கொடையாக அளிக்கப்பட்டதைப் பாகூர்ச் செப்பேடுகள் கூறுகின்றன. பிள்ளைகளுக்கு ஓதிக்கொடுப்பவன் என்ற முறையில், அந்த ஊரின் கரைமேல் நானும் ஒன்றைக் கற்றுக்கொள்ளப் போவது எனக்கு மனநிறைவாக இருந்தது.

ஏரிக்கரையின் மேல் மண்பாதையில் கல்லும் வேரும் குழியும் உண்டு. ஒரு முழ அகலத் தடத்தில் கண்ணை முன்சக்கரத்தில் வைக்காமல், பத்தடி தூரம் தள்ளி வைத்து ஓட்டவேண்டும். இது மருமகளின் முதற் பாடம். பார்க்கும் இடத்திற்கே வண்டி போகும். பள்ளத்தைப் பார்த்தால் பள்ளத்திற்கே போகும். இரண்டாம் பாடம்: இறக்கத்தில் இருக்கையில் அமரக்கூடாது. இரு மிதிகளையும் தரைக்கு இணையாக நிறுத்தி, எழுந்து நின்று, முழங்காலையும் முழங்கையையும் தளரவிட்டு, உடலின் கனத்தைச் சற்றே பின்னுக்குக் கொண்டுபோக வேண்டும். கரையின் உட்சரிவில் ஆடுமாடு இறங்கும் தடங்களில் இதை நூறு முறையாவது செய்திருப்போம். எருமைகள் எங்களைப் பொருட்படுத்தவில்லை. அவற்றை ஓட்டி வந்த சிறுவர்கள் இரண்டு நாள் சிரித்தார்கள். மூன்றாம் நாள் தங்கள் வண்டிகளையும் கொண்டுவந்து எங்களைவிட நன்றாகவே இறங்கினார்கள்.

மூன்றாம் பாடமே முதன்மையானது. நம் நாட்டு மிதிவண்டிகளில் வலக்கைப் பிடி முன்சக்கரத்தைப் பிடிக்கும்; இடக்கைப் பிடி பின்சக்கரத்தைப் பிடிக்கும். பிரான்சில் இது நேர் மாறானது. இடக்கைதான் முன்சக்கரம். நாமோ சிறுவயது முதல், பின்சக்கரத்தை மெல்லப் பிடிப்பதாக எண்ணி இடக்கையை அழுத்திப் பழகியவர்கள். அதே பழக்கத்தோடு ஆல்ப்ஸ் சரிவில், அதுவும் ஒரு விரலால் தொட்டாலே கவ்விக்கொள்ளும் ஹைட்ராலிக் பிரேக்கை இடக்கையால் பதறிப் பிடித்தால், முன்சக்கரம் நின்றுவிடும். பின்சக்கரம் வானை நோக்கும். ஓட்டியவர் கைப்பிடியைத் தாண்டி விழுவார். அங்கே வாடகைக்குத் தரும் வண்டிகள் எல்லாம் அந்நாட்டு முறைப்படியே இருக்கும். இதைச் சொன்னதும் எங்கள் தெரு சைக்கிள் கடைக்காரர் ஒரு கணம்கூடத் தயங்கவில்லை. இரு கம்பிகளையும் கழற்றி இடவலம் மாற்றிப் பூட்டிவிட்டார். அன்று முதல் எங்கள் இரு வண்டிகளும் வில்லியனூரில் ஓடினாலும் பிரெஞ்சு வண்டிகளே. அவசரத்துக்கு யாரேனும் இரவல் எடுத்துப் போய்விடக்கூடாது என்பதற்காகக் கைப்பிடியில் சிவப்புத் துணி கட்டி வைத்திருக்கிறோம்.

உண்மையான சரிவு வேண்டுமானால் வில்லியனூர்க் கொம்யூனின் வடபகுதிக்குப் போகவேண்டும். சேதராப்பட்டு, கரசூர்ப் பக்கம் வண்டல் முடிந்து செம்மண் மேடு தொடங்குகிறது. மழைநீர் அறுத்தோடிய பள்ளங்கள் அங்கங்கே உண்டு. உயரம் பெரிதில்லை, ஆனால் சரளைக்கல் சக்கரத்தின் கீழ் உருளும் உணர்வை அந்த இடம் கற்றுத் தந்துவிடும். டயரில் காற்றைச் சற்றுக் குறைத்தால் பிடிமானம் கூடுகிறது என்பதையும், மிகக் குறைத்தால் கல்லில் மோதி டியூப் கிழியும் என்பதையும் அங்கேதான் கண்டோம். பஞ்சர் ஒட்ட மகன் தானே கற்றுக்கொண்டான். 2,000 மீட்டர் உயரத்தில் சைக்கிள் கடை இராது.

கால்களுக்கு வலுவேற்றச் செஞ்சிக்குப் போனோம். ஏறத்தாழ 70 கி.மீ. தொலைவு. ஹனஃபி மத்ஹபின்படி பயணி என்று பெயர்பெறும் 77 கி.மீ. எல்லைக்குச் சற்று முன்பே செஞ்சி வந்துவிடுவதால் தொழுகையைச் சுருக்க முடியாது என்பதை மகனுக்கு நினைவூட்டினேன். கோட்டைக்குள் வண்டி ஓட்ட இடமில்லை. கீழே நிறுத்திவிட்டு இராஜகிரியின் படிகளில் ஏறி இறங்கினோம். ஏறும்போது மூச்சு வாங்கியது. இறங்கும்போதுதான் தொடை நடுங்கியது. கோட்டையில் புதுச்சேரி வாயில் என்றே ஒரு வாயில் இருக்கிறது. அதன் அருகே 1717-18-இல் கட்டப்பட்ட சஅதத்துல்லா கான் பள்ளிவாசல் நிற்கிறது. தேசிங்கு ராஜனை வென்ற நவாபின் பெயரால் அமைந்தது அது. அந்தத் தேசிங்குக்காக உயிர்கொடுத்த தோழன் ஒரு முஸ்லிம் என்பதை நம் நாட்டுப் பாடல்கள் மறக்கவில்லை. வென்றவர் பக்கமும் வீழ்ந்தவர் பக்கமும் நம்மவர் நின்ற ஊர் அது. 1750-இல் பிரெஞ்சுத் தளபதி புஸ்ஸி இதே கோட்டையைக் கைப்பற்றினார். 1761 வரை பிரெஞ்சுக்காரர் வசம் இருந்தது. மலை நாட்டிலிருந்து நம் சமவெளிக்கு வந்தவர்கள் முதலில் தேடிப் பிடித்ததும் ஒரு குன்றைத்தான்.

அடுத்த கட்டம் ஏற்காடு. சேலம் அடிவாரத்திலிருந்து 20 கொண்டை ஊசி வளைவுகள். அடிவாரத்திற்கும் ஊருக்கும் இடையே உயர வேறுபாடு ஏறத்தாழ 1,000 மீட்டர். உலகப் புகழ்பெற்ற பிரெஞ்சுப் பந்தயமான தூர் து பிரான்சு 1952-இல் முதன்முதல் ஏறிய ஆல்ப் துவேஸ் என்னும் மலைச்சாலை, கிரனோபிளிலிருந்து 60 கி.மீ. அளவில் இருக்கிறது. அதற்கு 21 வளைவுகள். ஏற்றம் 1,100 மீட்டருக்கு அருகில். அதாவது ஏற்காட்டை ஏறியவர் அந்த உயரத்தை ஏறிவிட்டார் என்றே சொல்லலாம். வேறுபாடு என்னவெனில், ஆல்ப் துவேஸ் அதை 14 கி.மீ.க்குள் ஏறி முடிக்கிறது. ஏற்காட்டுச் சாலை இன்னும் நீண்டு, சற்று இரக்கத்துடன் ஏறுகிறது. 70 வளைவுகளுடைய கொல்லிமலையை அடுத்த முறைக்கு விட்டுவிட்டோம். ஏற்காட்டில் நான் இரு இடங்களில் இறங்கி வண்டியைத் தள்ளினேன். வாடகை வண்டி ஓட்டுநர்கள் பரிவோடு வேகத்தைக் குறைத்தனர். மகன் மேலே போய் ஒரு மணி நேரம் காத்திருந்து மிளகாய் பஜ்ஜி தின்றிருக்கிறான்.

இன்னொரு ஒப்பீடு என் மனத்தைக் கவர்ந்தது. தமிழகத்தின் தொட்டபெட்டா 2,637 மீட்டர். ஆல்ப்ஸில் கலிபியே என்னும் கணவாய்ச் சாலையின் உச்சி 2,642 மீட்டர். ஐந்தே மீட்டர் வேறுபாடு. ஆயினும் தொட்டபெட்டாவில் ஆண்டு முழுதும் பசுமை. கலிபியேயில் குளிர்காலம் முழுதும் பனி மூடிச் சாலை அடைபட்டிருக்கும். உயரம் ஒன்றாயினும் நிலநடுக்கோட்டிலிருந்து விலகிய தொலைவு வேறன்றோ! ஒவ்வோர் 1,000 மீட்டருக்கும் ஏறத்தாழ 6 டிகிரி வெப்பம் குறைகிறது. பாகூர் வெயிலில் பழகிய உடம்புக்கு, இறக்கத்தில் முகத்தில் மோதும் காற்றுதான் பெரும் சோதனையாக இருக்குமாம். ஜூலை, ஆகஸ்டு மாலைகளில் இடியும் மழையும் திடீரென வரும். விடியற்காலையில் புறப்பட்டு நண்பகலுக்குள் கீழே வந்துவிட வேண்டும். 2,500 மீட்டருக்கு மேல் சிலருக்குத் தலைவலியும் குமட்டலும் தோன்றும். அப்படித் தோன்றினால் மேலும் ஏறாமல் இறங்குவதே மருந்து. ஊதல் ஒன்று கழுத்தில் இருக்க வேண்டும். நிமிடத்திற்கு ஆறு முறை ஊதி, ஒரு நிமிடம் நிறுத்தி, மீண்டும் ஊதினால் ‘உதவி வேண்டும்’ என்று பொருள். தொலைபேசி எடுக்குமானால் 112.

வாசகர்களுக்கு வியப்பளிக்கும் செய்தி ஒன்று. 1992-இல் இத்தாலியிலிருந்து ஓநாய்கள் பிரெஞ்சு ஆல்ப்ஸுக்குத் திரும்பி வந்தன. அது முதல் மந்தைகளைக் காக்கப் ‘பத்தூ’ என்னும் பெரிய வெள்ளை நாய்களை ஆயர்கள் வளர்க்கின்றனர். விரைந்து வரும் மிதிவண்டி அந்நாய்க்கு ஓநாயாகவே தெரியும். மந்தையைக் கண்டால் வண்டியைவிட்டு இறங்கி, வண்டியை நாய்க்கும் நமக்கும் நடுவே வைத்து, மெல்லப் பேசிக்கொண்டே மந்தையைச் சுற்றி நடந்து போகவேண்டும். நம் வயல்களில் கிடை போடும் ஆயர்களின் நாய்களிடம் நாம் காட்டும் மரியாதையும் இதுதான். இந்தப் பாடத்தில் மட்டும் எங்களுக்குப் பயிற்சி தேவைப்படவில்லை.

இனி மார்க்க விஷயங்கள். மேற்கு நோக்கியே தொழுது பழகிய நாம் கிரனோபிளில் தென்கிழக்கு நோக்கி நிற்கவேண்டும். ஜூலை நடுவில் அங்கே லுஹர் நேரம் ஒன்றே முக்காலுக்குத் தொடங்கும். மக்ரிப் இரவு ஒன்பதரைக்கு நெருங்கும். இஷா பதினொன்றைக் கடக்கும். காலையில் ஓடிக் களைத்தவனுக்கு இஷாவரை விழித்திருப்பது மலை ஏறுவதினும் கடினம். பிற்பகலில் சிறிது உறங்கிக்கொள்வது என்று முடிவு செய்திருக்கிறோம். எங்கள் தங்கல் பத்து நாள். ஹனஃபி மத்ஹபில் ஓரிடத்தில் 15 நாளுக்குக் குறைவாகத் தங்க நினைப்பவர் பயணியே, கஸ்ர் தொழுவார். ஷாஃபிஈ மத்ஹபினருக்கு, போகும் நாளும் திரும்பும் நாளும் நீங்கலாக நான்கு நாள் தங்க நினைத்தாலே அச்சலுகை இல்லை. என் மைத்துனர் ஷாஃபிஈ. ஆகவே ஒரே வீட்டில் விருந்தாளி இரண்டு ரக்அத்தும் வீட்டுக்காரர் நான்கும் தொழுவோம். குளிரில் ஒளூவுக்குத் தோலுறை அணிந்து மஸஹ் செய்தால், பயணிக்கு மூன்று பகல் மூன்று இரவு தவணை உண்டு. சாதாரணப் பருத்திக் காலுறைக்கு இச்சட்டம் பொருந்தாது.

உணவில் விழிப்பு வேண்டும். மலையூர் விடுதிகளில் பாற்கட்டியை உருக்கித் தரும் ‘ஃபோந்து’ மிகவும் பெயர்பெற்றது. பார்வைக்குச் சைவம், ஆனால் சவோய் நாட்டு முறையில் அதில் வெள்ளைத் திராட்சை மது சேர்ப்பர். மிதிவண்டி ஓட்டுவோர் மெல்லும் சக்தி மிட்டாய்களில் பன்றியிலிருந்து எடுத்த ஜெலட்டின் இருக்கக்கூடும். நமக்கு எதற்கு அது? பேரீச்சம்பழமும் கடலை மிட்டாயும் பொட்டுக்கடலை உருண்டையும் சட்டைப்பையில் இருக்கையில் வேறு சக்தி வேண்டியதில்லை.

தாள்கள் பற்றிச் சுருக்கமாக. ஷெங்கன் விசாவுக்கு 30,000 யூரோவுக்குக் குறையாத மருத்துவக் காப்பீடு கட்டாயம். ஆனால் அக்காப்பீடுகள் பலவற்றில் ‘சாகச விளையாட்டுகள் நீங்கலாக’ என்று சிறிய எழுத்தில் ஒரு வரி இருக்கும். எங்களுக்கு முதலில் காட்டப்பட்ட பத்திரத்திலும் இருந்தது. மலை மிதிவண்டியைப் பெயர் குறிப்பிட்டுச் சேர்த்த பின்னரே பணம் கட்டினோம். நாற்பதைக் கடந்தவர்கள் இதயத்தையும் இரத்த அழுத்தத்தையும் மருத்துவரிடம் காட்டிக்கொள்வது நலம்; நான் காட்டிக்கொண்டேன்.

ஆல்ப்ஸ் நமக்கு முற்றிலும் அன்னிய நிலம் என எண்ண வேண்டாம். 9-ஆம் நூற்றாண்டின் இறுதியில் அந்தலூசிய முஸ்லிம்கள் தென்பிரான்சுக் கடற்கரையில் ஃபிராக்சினேட்டம் என்னும் இடத்தில் குடியேறினர். அரபு நூலார் அதனை ஜபலுல் கிலால் என்பர். முக்கால் நூற்றாண்டுக்கும் மேல் அவர்கள் ஆல்ப்ஸ் கணவாய்களில் நடமாடினர். 972-இல் க்ளூனி மடத்துத் தலைவர் மயோலுஸைச் சிறைபிடித்து மீட்புப் பணம் பெற்றனர். அதனால் மூண்ட சினத்தில் அடுத்த ஆண்டே தங்கள் கோட்டையை இழந்தனர். வழிமறித்துப் பொருள் பறித்ததில் பெருமை பாராட்ட ஒன்றுமில்லை. ஆயினும் அந்தக் கணவாய்களின் காற்றில் ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே பாங்கோசை ஒலித்திருக்கும் என்று எண்ணும்போது, போகும் வழி சற்று நெருங்கி வருகிறது.

புறப்பட இன்னும் ஐந்து வாரம் இருக்கிறது. மகன் சேதராப்பட்டுச் சரிவில் வண்டியை நிறுத்தாமல் வளைக்கப் பழகுகிறான். நான் நிறுத்தியே வளைக்கிறேன். அவன் தாயார் ஒரு நாள் காலை எங்களோடு வந்து, சரிவின் அடியில் நின்று, பத்து முறை எங்களை இறங்கச் செய்து பார்த்தார். பிறகு ஒன்றும் சொல்லாமல் வீட்டுக்கு வந்து, எங்கள் இருவர் பைகளிலும் முழங்கால் உறைகளை எடுத்து வைத்தார்.